சம்பளம் இல்லாத பொதுச்சேவைப் பயிற்சிக்கு லீவில் போக வேண்டுமா? காசு திரட்டும் வழி: யாழ்ப்பாணத்து மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கம்பஸ் லீவில் ஆறு எட்டு வாரம் ஒரு பிரதேச செயலகத்திலோ, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ். அலுவலகத்திலோ, சட்ட உதவி ஆணைக்குழுவிலோ, ஒரு தொண்டு நிறுவனத்திலோ உள்ளகப் பயிற்சி செய்ய நிறையப் பேருக்கு விருப்பம். இடம் பிடிப்பது பெரிய கஷ்டம் இல்லை, ஒழுங்காகக் கடிதம் கொடுத்தால் பல அலுவலகங்கள் ஓம் என்றுதான் சொல்லும். ஆளை நிறுத்துவது பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் அறை வாடகையும்தான். கொக்குவிலில் வீடு உள்ள பிள்ளை சைக்கிளில் போய் வந்துவிடும். அதே வகுப்பில் படிக்கிற, முல்லைத்தீவிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வந்த பிள்ளை லீவு விட்டதும் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போகிறது, இல்லாவிட்டால் ஒரு கடையில் நின்று அடுத்த செமஸ்டருக்குக் காசு சேர்க்கிறது. பிறகு அரச வேலைக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ நேர்முகத் தேர்வு வரும்போது ஒருவரிடம் அனுபவக் கடிதம் இருக்கும், மற்றவரிடம் இருக்காது. வீடு எவ்வளவு தூரம் என்பது இதைத் தீர்மானிக்கக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. கோடை லீவில் சம்பளம் தராத அரச அலுவலகத்திலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை செய்யப் போகிற மாணவருக்குப் பல்கலைக்கழகமே வாழ்க்கைச் செலவுக்கு ஒரு தொகை கொடுக்கும். பிரின்ஸ்டனில் 1969ஆம் ஆண்டு வகுப்பைச் சேர்ந்த பழைய மாணவர்கள் தொடக்கிய திட்டம் ஒன்றில், அவர்களே நிறுவனங்களைத் தேடி இடமும் பிடித்து, காசும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வெள்ளை மாளிகையே 2022 இலையுதிர் காலத்தில்தான் தன் பயிலுனர்களுக்கு முதன்முதலாகக் கொடுப்பனவு கொடுக்கத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் ஒரே படிவத்தை நிரப்பி இப்படி ஒரு தொகையை எடுக்கிற வசதி இல்லை, பல இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது: முதலில் இடம், பிறகு கணக்கு, கடைசியில்தான் காசு கேட்பது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், “உதவி செய்யுங்கோ” என்று தொடங்குகிறார்கள், எதற்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை.

முதலில் இடத்தையும் திகதியையும் எழுத்தில் எடுங்கள்

எங்கள் பல்கலைக்கழகங்களில் லீவு எப்போதும் ஒரே மாதத்தில் வராது. பரீட்சை அட்டவணை தள்ளிப் போனால் லீவும் தள்ளிப் போகும். ஆகவே பீட அலுவலகத்தில் கல்வி நாட்காட்டியைப் பார்த்து, குறைந்தது மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். துறைத்தலைவரிடம் போய், “இந்த லீவில் இந்த அலுவலகத்தில் பயிற்சி செய்ய விரும்புகிறேன், ஒரு அறிமுகக் கடிதம் வேண்டும்” என்று கேளுங்கள். துறைத்தலைவர் அல்லது பீடாதிபதி ஊடாகப் போகிற கடிதத்துக்கு இருக்கிற மரியாதை நீங்கள் தனியே கொண்டுபோகிற கடிதத்துக்கு இருக்காது. தொழில் வழிகாட்டல் பிரிவிலும் ஒருமுறை விசாரியுங்கள், சில நிறுவனங்கள் அவர்களிடம் நேரடியாக ஆள் கேட்டிருக்கும்.

யாழ். மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில்தான் செய்ய வேண்டும் என்று எல்லாரும் ஒரே வாசலில் நிற்கத் தேவையில்லை. நீங்கள் தங்கியிருக்கிற இடத்துக்குக் கிட்ட உள்ள பிரதேச செயலகத்தை எடுத்தால் பஸ் காசு பாதியாகும், அதோடு சின்ன அலுவலகத்தில்தான் உங்களை உண்மையான வேலைக்கு விடுவார்கள். நெடுந்தீவு போன்ற இடத்தில் செய்ய ஆசை என்றால் மிக நல்லது, ஆனால் குறிகாட்டுவானிலிருந்து படகு, அங்கே தங்குமிடம் என்று செலவின் உருவமே மாறிவிடும், அதை முதலே யோசியுங்கள். மாநகர சபை, பிரதேச சபைகள், போதனா வைத்தியசாலை, மாகாண அமைச்சுகள், ஈழத்துத் தமிழ் நூல்களை 2005இலிருந்து மின்னூலாக்கி வருகிற நூலகம் நிறுவனம், எல்லாமே பொதுச்சேவைதான்.

அலுவலகத்தில் பேசும்போது வெட்கப்படாமல் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “ஐயா, பயிலுனருக்குப் பயணக் கொடுப்பனவு ஏதும் இருக்கா?” பெரும்பாலும் அரச அலுவலகங்களில் இல்லை என்றுதான் சொல்வார்கள், அது அவர்களின் மனம் சார்ந்த விஷயம் இல்லை, அதற்கென்று அவர்களின் வரவுசெலவுக் கணக்கில் காசு ஒதுக்கப்பட்டிருக்காது. அப்போது காசு இல்லாத உதவிகளைக் கேளுங்கள். களத்துக்குப் போகும்போது அலுவலக வாகனத்தில் ஏற்றிச் செல்வார்களா, கன்ரீனில் உத்தியோகத்தர் விலையில் சாப்பிடலாமா, கிழமையில் ஐந்து நாளுக்குப் பதில் நான்கு நாள் வந்தால் போதுமா, அச்செடுப்பதை அங்கேயே செய்யலாமா. இதில் இரண்டு கிடைத்தாலும் நீங்கள் வெளியில் கேட்க வேண்டிய தொகை நன்றாகக் குறையும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். அரசாங்கம் 2020இல் பட்டதாரிப் பயிலுனர்களுக்கு மாதம் 20,000 ரூபாய் கொடுத்தது பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருந்தவர்களுக்கு. படித்துக்கொண்டிருக்கிற உங்களுக்கும் அந்தத் திட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை. அதேபோல் பொறியியல் போன்ற பீடங்களில் பாடத்திட்டத்தின் பகுதியாக வருகிற கட்டாயப் பயிற்சியும் வேறு, அதைப் பீடமே ஒழுங்கு செய்யும்.

கடைசியாக, ஒப்புக்கொண்டதை ஒரு பக்கக் கடிதமாக வாங்குங்கள்: எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எந்தப் பிரிவு, யார் மேற்பார்வை, கொடுப்பனவு இல்லை என்ற ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் பிறகு காசு கேட்கப் போகும்போது உங்களுக்குப் பெரிய துணை.

இப்போது கணக்கு

இந்த இடத்தில் நேரம் எடுங்கள். ஒரு உதாரணம் போடுகிறேன், திருநெல்வேலியில் அறை எடுத்து இருக்கிற ஒரு மாணவி சங்கானைப் பிரதேச செயலகத்தில் எட்டு வாரம், கிழமைக்கு ஐந்து நாள், அதாவது 40 நாள் செய்யப் போகிறார் என்று வையுங்கள். போய்வர பஸ் ஒரு நாளைக்கு 240 ரூபாய் என்றால் 9,600. மத்தியானச் சாப்பாடு 400 படி 16,000. அறை வாடகை மாதம் 8,000 படி இரண்டு மாதத்துக்கு 16,000. போன், டேட்டா 3,000. போட்டோக்கொப்பி, பைல், அச்சு 2,000. களத்திலிருந்து பிந்தி வந்தால் ஓட்டோ, காய்ச்சல் வந்தால் மருந்து என்று அவசரத்துக்கு 4,000. மொத்தம் 50,600 ரூபாய். விலைகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்கள் ரூட்டில் உண்மையாக என்ன எடுக்கிறார்கள் என்று ஒருநாள் போய் வந்து பார்த்து எழுதுங்கள். இடையில் போயா (பௌர்ணமி) லீவு வந்தால் ஓரிரு நாள் செலவு மிஞ்சும், அதை அவசரப் பக்கத்தில் போடுங்கள்.

பிறகு உங்கள் பங்கைக் கழியுங்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில், பல்கலைக்கழக மாணவர்களுக்கான அரச உதவித்தொகைகளான மகாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பர்சரி 4,000 ரூபாயிலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டது. நீங்கள் கணக்கில் எழுத வேண்டியது உங்கள் பாஸ்புக்கில் கடைசியாக என்ன விழுந்ததோ அதை. இரண்டும் மாதா மாதம் தவறாமல் வருகிற சம்பளம் மாதிரி இல்லை, வருடத்துக்குப் பத்துத் தவணைதான், லீவுக் காலத்தில் பிந்தவும் கூடும். ஆகவே பயிற்சி நடக்கிற மாதத்தில் வரும் என்று நம்பாமல், அதற்கு முன் வந்த இரண்டு தவணையை எடுத்து வையுங்கள். அந்த மாணவிக்கு இரண்டு தவணை மகாபொல 15,000. பஸ், போன், அச்சு மூன்றும் சேர்ந்தே 14,600தான். ஆக மிச்சம் 35,600 ரூபாய், அதுவும் தெளிவாகப் பிரிந்து நிற்கிறது: சாப்பாடு ஒன்று, அறை ஒன்று, அவசரம் கொஞ்சம். “எனக்கு 50,000 வேணும்” என்று ஒருவரிடம் போய் நிற்பதற்கும், “பஸ் காசை நான் பார்க்கிறேன், அறை வாடகைக்குப் பழைய மாணவர் சங்கம் உதவுகிறது, எட்டு வாரச் சாப்பாட்டுக்கு 16,000 குறைகிறது” என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். 16,000 ரூபாய் லண்டனில் இருக்கிற ஒருவருக்குச் சுமார் 40 பவுண்ஸ்.

பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. ஓட்டோக் காசை ஆடம்பரம் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். களவேலை முடிந்து இருட்டினால் பஸ் குறைவு, அந்தக் காசு கையில் இருந்தால்தான் வீட்டிலும் நிம்மதியாக விடுவார்கள்.

யாரிடம் கேட்பது

கிட்ட இருந்து தொடங்குங்கள். முதலில் உங்கள் துறை, மாணவர் ஆலோசகர், நலச்சேவைப் பிரிவு. சில துறைகளில் பழைய மாணவர்கள் விட்டுச்சென்ற சின்ன நிதிகள் இருக்கும், நோட்டீஸ் போர்டில் வராது, கேட்டவருக்குத்தான் தெரியவரும். விரிவுரையாளர் யாராவது ஆராய்ச்சித் திட்டம் செய்கிறாரென்றால் தரவு சேகரிக்கிற வேலையைக் கேளுங்கள். உங்கள் பயிற்சியும் அவருடைய ஆய்வும் ஒரே பிரதேசத்தில் அமைந்தால், சனிக்கிழமைகளில் அந்த வேலையைச் செய்தே சாப்பாட்டுக் காசு வந்துவிடும். எனக்கு மிகப் பிடித்த வழி இதுதான், ஏனென்றால் இதில் யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

அடுத்தது நீங்கள் படித்த பள்ளிக்கூடம். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றின் பழைய மாணவர் சங்கத்துக்குக் கனடா, லண்டன், அவுஸ்திரேலியா என்று கிளைகள் உண்டு. அவர்கள் வகுப்பறை கட்டவும் விளையாட்டுப் போட்டிக்கும் காசு கொடுத்துப் பழகியவர்கள். ஒரு மாணவரின் எட்டு வாரச் சாப்பாட்டுக்குக் கொடுப்பது அவர்களுக்குப் புதிது, ஆகவே விளக்க வேண்டும். அதிபர் அல்லது தாய்ச் சங்கச் செயலாளர் ஊடாகப் போங்கள், நேரே கிளைக்கு எழுதினால் “தாய்ச் சங்கத்தைக் கேளுங்கோ” என்று திரும்பி வரும்.

மூன்றாவது ஊர். சனசமூக நிலையம், கோயில் பரிபாலன சபை, வெளிநாட்டில் இருக்கிற ஊர் ஒன்றியம். இதில் நேரம் முக்கியம். புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் பல ஜூலை, ஆகஸ்டில் ஒன்றுகூடலிலும் விளையாட்டு விழாவிலும் மும்முரமாக இருக்கும், உங்கள் மெசேஜைப் பார்க்க ஆள் இருக்காது. ஏப்ரல், மே மாதத்துக்குள் நிர்வாகக் கூட்டத்தில் உங்கள் கடிதம் வாசிக்கப்பட வேண்டும். ஊரில் அவர்களுக்கு நம்பிக்கையான ஒருவர், ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரோ கிராம அலுவலரோ, “இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும்” என்று இரண்டு வரி எழுதித் தந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. மலையகத்திலிருந்து வந்து இங்கே படிக்கிற, தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயத்தோடு இணைந்த கல்வி நிதியம் ஒன்று புலமைப்பரிசில் கொடுக்கிறது. அது பயிற்சிக்கென்று வருகிற காசு இல்லை, ஆனாலும் உங்கள் பங்கு என்ற பக்கத்தில் எழுதலாம்.

ஐ.நா. நிறுவனங்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஐ.நா. செயலகம் பயிலுனர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. 2015இல் ஜெனீவாவில் சம்பளமில்லாத ஒரு பயிலுனர் கூடாரத்தில் தங்கியது உலகச் செய்தியானது. ஆனால் யூனிசெப், யூஎன்டிபி போன்றவை இப்போது பயிலுனர்களுக்குக் கொடுப்பனவு கொடுக்கின்றன, ஐ.நா. தொண்டர் திட்டத்திலும் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு உண்டு. இலங்கையில் இந்த இடங்கள் பெரும்பாலும் கொழும்பில், போட்டியும் அதிகம், ஆகவே விண்ணப்பியுங்கள், அதை மட்டும் நம்பி யாழ்ப்பாணத்து இடத்தை விட்டுவிடாதீர்கள்.

அரசியல்வாதிகளிடம் கேட்கலாமா? கேட்க வேண்டாம் என்பதுதான் என் பதில். நீங்கள் போவது அரச அலுவலகத்துக்கு, அங்கே வீட்டுத்திட்டப் பட்டியலும் உதவிப் பட்டியலும் உங்கள் கண்ணில் படும். ஒரு கட்சிக்காரரின் காசில் அங்கே உட்கார்ந்திருந்தால் உங்களையும் அலுவலகத்தையும் சனம் சந்தேகப்படும். அந்த அலுவலகத்தில் ஒப்பந்தம் எடுக்கிறவர்களிடமும், அங்கே சேவை பெற வருகிறவர்களிடமும் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது.

கேட்கிற கடிதம்

நீளம் வேண்டாம். வறுமைக் கதை எழுத வேண்டாம், அப்பாவின் வருத்தத்தையும் அம்மாவின் கண்ணீரையும் எழுதி அனுப்புகிற பிள்ளைகளைப் பார்த்து எனக்கு மனம் கஷ்டப்பட்டிருக்கிறது. நீங்கள் ஒரு வேலை செய்யப் போகிறீர்கள், அந்த வேலைக்குச் செலவு இருக்கிறது, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பலாம்:

“வணக்கம் ஐயா. நான் யாழ். பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத் தலைவர் உங்கள் நம்பரைத் தந்தார். ஜூலை 6 முதல் ஆகஸ்ட் 28 வரை சங்கானைப் பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவில் பயிற்சி செய்ய அனுமதி கிடைத்திருக்கிறது, கடிதத்தை இணைத்திருக்கிறேன். இதற்குச் சம்பளம் இல்லை. மொத்தச் செலவு 50,600 ரூபாய், அதில் 15,000 ரூபாயை என் மகாபொலக் காசில் பார்க்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கான 16,000 ரூபாயை ஒன்றியத்திடம் கேட்கிறேன். முழுக் கணக்கும் இணைப்பில் உண்டு. முடிந்ததும் பற்றுச்சீட்டுகளோடு ஒரு பக்க அறிக்கை அனுப்புவேன். நிர்வாகக் கூட்டத்தில் இதை வைக்க முடியுமா?”

தெரிந்தவர் என்றால் அண்ணை, மாமி என்று எழுதுங்கள், சங்கத்துக்கு என்றால் ஐயா, அம்மா. வொய்ஸ் மெசேஜ் வேண்டாம், அவர் அதைக் கூட்டத்தில் வாசிக்க முடியாது. இரண்டு கிழமையில் பதில் இல்லையென்றால் ஒரே ஒருமுறை நினைவூட்டுங்கள்.

காசு வரும்போது

அடையாள அட்டையிலும் பாஸ்புக்கிலும் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், வெளிநாட்டுக் காசு இதனால்தான் நடுவில் தடைப்படும். வங்கி, கிளை, கணக்கு இலக்கம், ஸ்விப்ட் குறியீடு நான்கையும் ஒரே மெசேஜில் அனுப்புங்கள். சின்னத் தொகையை லண்டனிலிருந்து தனியே அனுப்பினால் கட்டணமே தின்றுவிடும், சங்கத்தின் உள்ளூர்ப் பொருளாளர் ஊடாகக் கொடுப்பது நல்லது. அறை வாடகையை நன்கொடையாளர் நேரே வீட்டுக்காரருக்குக் கட்டிப் பற்றுச்சீட்டு எடுத்தால் உங்களுக்கும் பொறுப்புக் குறைவு. ஒரு பட்ச் முழுதாகச் சேர்ந்து நாலைந்து பேருக்கு நிதி திரட்டுகிறீர்கள் என்றால் தனியார் கணக்கில் போடவே வேண்டாம், பீடாதிபதியிடம் பேசி நிதியாளர் அலுவலகம் ஊடாகச் செய்யுங்கள். தாமதமாகும், ஆனால் நாளைக்கு ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அப்புறம் அந்தப் போட்டோ விஷயம். காசு கொடுப்பவர்கள் சிலர் பெரிய காசோலை மட்டையோடு உங்களை நிறுத்திப் படம் எடுத்து பேஸ்புக்கில் போட விரும்புவார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, சங்க அங்கத்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் 16,000 ரூபாய்க்காக உங்கள் முகம் “வறிய மாணவி” என்ற வரியோடு பல வருடம் இணையத்தில் கிடக்கத் தேவையில்லை. காசு வாங்குமுன்பே பணிவாகச் சொல்லுங்கள்: “படத்துக்குப் பதிலாகப் பயிற்சி முடிந்ததும் அலுவலகக் கடிதமும் கணக்கும் தாறன், அதைப் போடுங்கோ.” இதை மதிக்கிறவர்கள் நிறையப் பேர். மதிக்காதவர்களிடம் அந்தத் தொகையை விட்டுவிடுவது நல்லது என்று நான் நினைக்கிறேன், வாங்குகிறவர் முடிவு செய்யட்டும்.

பாதிக் காசுதான் சேர்ந்தது என்றால்

வாரங்களைக் குறையுங்கள், சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். எட்டு வாரத்தை ஐந்தாக்கலாம், கிழமைக்கு மூன்று நாள் போய் மற்ற நாட்களில் அறிக்கை எழுதுகிற வேலையை அறையிலிருந்து செய்யலாம். யாழ்ப்பாணம் மேடு பள்ளம் இல்லாத ஊர், ஏழெட்டுக் கிலோமீற்றர் என்றால் ஒரு பழைய சைக்கிளைத் திருத்தி எடுப்பது பஸ்ஸை விட மலிவு. தூரம் அதிகமென்றால் கோண்டாவில் பஸ் டிப்போவில் மாணவர் சீசன் ரிக்கெற் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஊரிலேயே இருக்க வேண்டிய நிலை என்றால், உங்கள் ஊர்ப் பிரதேச செயலகமும் அரச அலுவலகம்தான். மல்லாவியிலோ நுவரெலியாவிலோ வீட்டில் இருந்து செய்தால் அறைச் செலவே இல்லை. துறைத்தலைவரின் கடிதம் அங்கேயும் செல்லும்.

வேலை தொடங்கியபின் ஒரு கொப்பி வையுங்கள். இடப்பக்கம் அன்று செய்த வேலை, வலப்பக்கம் அன்று செலவான காசு. பஸ் ரிக்கெற்றை ஒட்டி வையுங்கள், சாப்பாட்டுக் கடை பற்றுச்சீட்டுத் தராவிட்டால் தொகையை எழுதித் திகதி போடுங்கள். செய்த வேலையை எழுதும்போது ஆட்களின் பெயர், காணி இலக்கம், வழக்கு விபரம் எதையும் எழுதாதீர்கள், அந்தக் கொப்பியை வைத்துத்தான் பிறகு நன்கொடையாளருக்கு அறிக்கை எழுதப் போகிறீர்கள். ஒருவரின் குடும்பப் பிரச்சினை கனடா வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடக் கூடாது.

கடைசிக் கிழமை தொடங்குமுன்பே மேற்பார்வை அலுவலரிடம் சான்றுக் கடிதம் கேளுங்கள், அவர் இடமாற்றமாகிப் போனால் பிறகு எடுப்பது கஷ்டம். அதில் நீங்கள் செய்த வேலை குறிப்பாக இருக்க வேண்டும், “திருப்திகரமாகப் பணியாற்றினார்” என்று மட்டும் போதாது, நீங்களே ஒரு வரைவு எழுதிக் கொடுத்தால் அவருக்கும் சுலபம். முடிந்து இரண்டு கிழமைக்குள் காசு தந்த எல்லாருக்கும் ஒரே அறிக்கை: அரைப் பக்கம் வேலை, அரைப் பக்கம் கணக்கு, சான்றுக் கடிதத்தின் பிரதி. காசு மிஞ்சியிருந்தால் தொகையைச் சொல்லி, திருப்பி அனுப்பவா, அடுத்த வருடம் போகிற ஒருவருக்குக் கொடுக்கவா என்று கேளுங்கள். அந்த அறிக்கையின் ஒரு பிரதியையும் உங்கள் கணக்குத் தாளையும் துறை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள், அடுத்த பட்ச் பிள்ளை அதை எடுத்து விலைகளை மட்டும் மாற்றினால் போதும்.